விட்டுப்போன ‘ஆம்’

போன வாரம் என் பேத்தி தன்னுடைய ஆய்வேட்டை அனுப்பியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குவதற்காக எழுதியது. நூற்று நாற்பது பக்கம். எண்பத்தேழாம் பக்கத்தின் அடியில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் தெரிகிற எழுத்தில், என் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘நேரில் சொன்னது’ என்று போட்டிருந்தாள். எழுபத்தைந்து தாண்டியவன் பெயர் அச்சில் வந்தால் பெரும்பாலும் அது மரண அறிவித்தலாகத்தான் இருக்கும். நான் அடிக்குறிப்போடு தப்பித்துக்கொண்டேன்.

அந்த ஒரு அடிக்குறிப்புக்காக அவள் என்னை நான்கு நாள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, நான் எதைச் சொன்னாலும் நிறுத்தினாள்.

“தாத்தா, இது நீங்க பாத்ததா, கேட்டதா?”

“ரெண்டும்தான்.”

“ரெண்டும் வேற வேற லா தாத்தா. லெக்சரர் கேட்டா நான் என்னா சொல்றது?”

எந்த வருஷம் என்று துருவினாள். இருபதுகளின் நடுவில் என்பதற்குமேல் என்னால் ஒரு அங்குலம்கூட நகர முடியவில்லை. கடைசியில் எனக்குக் கோபம் வந்து, “நீ படிக்கிறியா, போலீஸ்ல வேலை பாக்குறியா?” என்று கேட்டுவிட்டேன். அவள் அதையும் ஒலிப்பதிவு செய்துகொண்டாள். பார்த்ததா, கேட்டதா என்று கேட்டு என் உயிரை வாங்கிய இன்னொரு மனிதர் என் வாழ்க்கையில் ஒருவர்தான் உண்டு. அவரைப் பற்றிப் பேத்தியிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பேத்தி அனுப்பிய காகிதக் கட்டைப் பிரித்ததும் சைக்ளோஸ்டைல் மையின் வாடை வந்தது. எனக்கு அந்த வாடை மூக்கோடு நிற்பதில்லை. நேரே அந்தக் காலத்து மலாயா ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆபீசுக்குப் பின்னால் ஸ்டோர். பால் உறைவதற்கு ஊற்றுகிற திராவகத்தின் புளிப்பு வாடையும் ரப்பர் ஷீட்டுக்குப் போடும் புகையும் மேசை, நாற்காலி, டிபன் கேரியர் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்து ஆளை ஈப்போ கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் ஆபீசில் எழுதுகிற கிராணி, மரத்தில் பால்வெட்டுகிற ஆள் இல்லை, எனக்கு வாடை கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு துணிக்கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தார். அதற்குப் பிறகு நம்பவில்லை.

தோட்டம், ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகிற பக்கம். பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் அங்கே சின்னக் கிராணி. வயது இருபத்திரண்டு. ஏழாம் ஸ்டாண்டர்டு வரை இங்கிலீஷ் படித்தவன் என்பதால், தமிழில் வருகிற சங்கதிகளை எல்லாம் இங்கிலீஷில் எழுதித் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் மேசையில் வைப்பது என் வேலை. “உன் இங்கிலீஷ் மிகவும் சுருக்கமாக இருக்கிறது” என்று துரை ஒருமுறை சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஊருக்குக் கடிதமே எழுதினேன்.

நான் சொல்ல வந்த மனிதர் காசிம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, பெரிய நோய் என்றால் வெளியே அனுப்பக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர்தான். நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர், என்னைவிட ஒரு வயது மூத்தவர், என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். மருந்து கலக்கப் படிப்பதற்கு முன்னால் மதரஸாவில் ஓதியவர். அவர்களுடைய வேதத்தில் பாதியை அவர் நெஞ்சிலேயே வைத்திருந்தார். மீதிப் பாதியை முடிப்பதற்குள் கப்பல் ஏறும்படி ஆகிவிட்டதாம்.

நபி இப்படிச் சொன்னார் என்று ஒருவர் சொன்னால் மதரஸாவில் ஓதியவர்கள் உடனே தலையாட்ட மாட்டார்கள். உனக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, அவருக்கு யார் என்று நபி வரைக்கும் வரிசையாகப் பெயர் சொல்ல வேண்டும். நடுவில் ஒரே ஒருவர் பொய்யர், அல்லது மறதிக்காரர் என்று தெரிந்தாலும் அந்தச் செய்தியின் மதிப்பு போய்விடும். இந்த வழக்கத்தைக் காசிம் மதரஸாவில் விட்டுவிட்டு வந்திருந்தால் எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அதைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். “இன்னைக்கு மழை வருமாம்” என்று சொல்லிவிட்டு யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

“வருமாமா? யாரு சொன்னா?”

“சும்மா சொல்றாங்க மச்சான்.”

“அந்த ‘ஆம்’முக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கணுமே. யாரு அது?”

வயிற்றுவலி என்று வருகிறவனை மட்டும் எதுவும் கேட்கமாட்டார். அவனே நேர் சாட்சி என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சீமையில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு இளம் வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். பால்மரத்துப் பட்டை ஏன் அழுகுகிறது என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கப் போகிறவர். இரண்டு பெட்டி நிறைய அட்டை கொண்டுவந்திருந்தார். ஒரு மரத்துக்கு ஒரு அட்டை. நம்பர், சுற்றளவு, பால் எவ்வளவு, என்ன நோய் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம், ‘இதைச் சொன்னவர் யார்’. சனங்கள் அவருக்கு அட்டை துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிக்கிறதும் அட்டைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெயரைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

ஆட்களிடம் விசாரித்து அட்டைகளை நிரப்புவதும் என் தலையில் விழுந்தது. முதல் நாள் ஐம்பது அட்டையில் கடைசிக் கட்டத்தில் ‘எல்லோரும்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஐம்பதும் திரும்பி வந்தன. “இந்த எல்லோரும் என்கிற நபரை நான் சந்திக்கலாமா?” என்று அட்டை துரை மரியாதையாகக் கேட்டார். காசிம் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் மொழிபெயர்த்துத் தொண்டை வறண்டவன் நான். ஒருநாள் காசிம் தன்னுடைய உஸ்தாது, அவருடைய உஸ்தாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்; என் தேநீர் ஆறிப்போய்விட்டது. பிறகு, “தொரை, ஒங்க வாத்தியாருக்கு வாத்தியார் யாரு?” என்று கேட்டார். அட்டை துரைக்குத் தன் பேராசிரியரைத் தெரியும், அதற்குமேல் தெரியாது. காசிம் நிஜமாகவே வருத்தப்பட்டார். “பாவம், நல்ல பிள்ளையா இருக்காரு” என்றார். யார் சொன்னார் என்பது எங்களுக்கு முக்கியமில்லை, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான் முக்கியம் என்று அட்டை துரை விளக்கினார். “அப்ப அட்டையில அந்தக் கடைசிக் கட்டம் எதுக்கு?” என்றார் காசிம். அட்டை துரை அந்தக் கேள்வியை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டார்.

இனிதான் என் திருவிளையாடல்.

மாதா மாதம் ஆட்களைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். கங்காணி வந்து நின்று சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதுவேன். அந்த மாதம் அவர் சொன்னார்: “அந்த அஞ்சலைக்குப் புத்தி சரியில்லையாம். மரத்தோட பேசுறாளாம். தொரையக்கூட திட்டுறாளாம்.”

அஞ்சலை பால்வெட்டுக்காரி. முப்பது வயது இருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். எட்டு வயதில் ஒரு மகள். அந்த மகளைத் தவிர, ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அஞ்சலைக்கு மனுஷர் என்று யாரும் கிடையாது. நான் எழுதினேன்: ‘அஞ்சலைக்குப் புத்தி சரியில்லை. மரங்களோடு பேசுகிறாள். துரையைத் திட்டுகிறாள்.’ மூன்றே வாக்கியம். ஒரு பிழை கிடையாது. எனக்கே பெருமையாக இருந்தது.

துரை அதை வெள்ளிக்கிழமை படித்தார். படித்தவர் கோபப்படவில்லை. அனுதாபப்பட்டார், அதுதான் ஆபத்தாகப் போயிற்று. திங்கட்கிழமை லாரியில் அவளைத் தஞ்சோங் ரம்புத்தான் பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள், டிரஸர் கடிதம் எழுதட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். யாராவது கொஞ்சம் கோணலாகப் பேசினால் “ஒன்னைய தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்” என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அன்று அது கிண்டலாக இல்லை. அங்கே போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மகளை யார் பார்த்துக்கொள்வது என்பது அறிக்கையில் எந்த வரியிலும் இல்லை.

காசிம் என் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்.

“கங்காணி சொன்னத அப்படியே தமிழ்ல சொல்லு.”

சொன்னேன்.

“சரியில்லையாம், பேசுறாளாம், திட்டுறாளாம். மூணு ‘ஆம்’ இருக்கு. இதுல ஒண்ணையும் காணோமே மச்சான், தின்னுட்டியா?”

“இங்கிலீஷ்ல ‘ஆம்’ கிடையாது மச்சான்.”

“சொல்லிக்கிறாங்கன்னு எழுதலாம்ல?”

“நீளமாப் போயிரும்.”

அவர் அறிக்கையை என் மேசைமேல் வைத்தார். “கெட்டவன் ஒரு சேதி கொண்டுவந்தா விசாரிச்சுக்கிடுங்க, இல்லன்னா தெரியாத்தனமா யாருக்காவது கெடுதல் பண்ணிட்டு அப்புறம் உக்காந்து அழுவீங்கன்னு எங்க வேதத்துல இருக்கு” என்றார்.

“நான் கெட்டவனா?”

“இல்ல, நீ மடையன். ரெண்டு தடவ விசாரிக்கணும்.”

சனிக்கிழமை முழுக்க விசாரித்தோம். கங்காணியிடம் போனால், “ஊரே சொல்லுது டிரஸரே” என்றார். “ஊருக்கு எத்தனையோ வாயி. ஒரு வாயக் காட்டுங்க” என்றார் காசிம். கங்காணி தன் பெண்சாதியைக் காட்டினார். அந்த அம்மாள், “நான் என்னத்தக் கண்டேன், ஆயாக் கொட்டாய்ல பேசிக்கிட்டாங்க” என்றார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகைக்குப் போனோம். அங்கேயிருந்த ஆயா எங்களை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லா இருக்கே கதை! கங்காணிதானே காலையில பேர் கூப்பிடுறப்ப பெரட்டுக் களத்துல நின்னு சொன்னாரு!”

இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். லயத்து முனைக்கு வந்ததும் காசிம், “சங்கிலின்னு நெனச்சேன். இது வளையலாவுல்ல இருக்கு” என்றார். ஒருவர்கூட நேரில் பார்க்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதெல்லாம் எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பால்வெட்டு உண்டு. விடிந்தும் விடியாமலும் நாங்கள் இரண்டு பேரும் அஞ்சலை பால்வெட்டுகிற மர வரிசைக்கு, அவளுடைய நிரைக்குப் போனோம். சுற்றளவு எடுக்க வந்த அட்டை துரையும் சேர்ந்துகொண்டார். பனி இறங்கியிருந்ததால் அவளுக்கு எங்களைத் தெரியவில்லை. எங்களுக்கு அவள் குரல் நன்றாகக் கேட்டது.

“ஏண்டி மூக்கொழுகி, பால் பிடிக்கிற மங்கு இங்க இருக்கு, நீ எங்க ஊத்துற? வெக்கமா இல்ல?”

அடுத்த மரத்துக்குப் போனாள். “பெரிய கிராணி, தொந்தி மட்டும் போட்டா ஆச்சா? பால எங்க?”

அதற்கடுத்தது ஒரு ஒல்லி மரம். “சின்னக் கிராணி, நீ எந்திரிக்கவே எட்டு மணி ஆகும். இரு, ஒன்னையக் கடசியாப் பாத்துக்கிறேன்.”

காசிம் என் பக்கம் திரும்பினார். “இதுக்கு நானே நேர் சாட்சி” என்றார் மெதுவாக.

அதைத் தாண்டி ஒரு பெரிய மரம். “தொரை, இம்மாம் பெரிய எடத்த அடச்சிக்கிட்டு அரை மங்கு குடுக்கிறியே, இருக்குடா ஒனக்கு!”

திரும்பியவள் எங்களைக் கண்டுவிட்டாள். வெட்டுக்கத்தி கையில் அப்படியே நின்றது. திங்கட்கிழமை லாரியைப் பற்றி அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தோட்டத்தில் எல்லாம் தெரிந்துவிடும். “தப்புதாங்க கிராணி ஐயா. இனிமே பேசல. எம் புள்ளைய விட்டுப்புட்டு என்னைய எங்கயும் அனுப்பிராதீங்க” என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளை லாரியில் ஏற்றப் பார்த்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

காசிம்தான் பதமாகக் கேட்டார். “பயப்படாத தங்கச்சி. மரத்துக்கு ஏன் பேரு வச்சிருக்க?”

“எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எந்த மரத்துல எந்தப் பக்கம் வெட்டுனேன், எது அழுகுது, எத விட்டு வைக்கணும்னு எப்படிங்க நெனவுல வைக்கிறது? பேரு வச்சுத் தெனம் நாலு வார்த்த பேசிட்டா மறக்காதுங்க.”

இருநூற்று எண்பது மரம். இருநூற்று எண்பது பெயர். அட்டை துரை தன் அட்டைகளை எடுத்தார். அவர் மரத்தைக் காட்டக் காட்ட அவள் சொன்னாள்: இது போன மழையில் வாடியது, இதற்கு அடிவேரில் சீக்கு, இதைப் பத்து நாள் தொடக்கூடாது. பயத்தில் பெயரைச் சொல்லாமல் ‘இது’, ‘அது’ என்றே சொன்னாள். சில மரங்களில் அவள் சொன்னதும் அட்டையும் ஒத்துப்போகவில்லை. அவர் பட்டையைச் சீவிப் பார்த்தார். அட்டைதான் தப்பு. நான் எழுதிய அட்டைகள்.

“எங்கள்ள முழு வேதத்தையும் நெஞ்சுல வச்சிருக்கவங்கள ஹாபிஸுன்னு சொல்லுவோம்” என்றார் காசிம். “இந்தத் தங்கச்சி இந்த நிரைக்கு ஹாபிஸு.” அட்டை துரை அந்தச் சொல்லுக்கு எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். மரங்களின் பெயர்களைப் பிறகு நிதானமாக அவளிடம் கேட்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார். ஆகட்டும் என்றேன்.

பைத்தியம் இல்லை என்று ஆயிற்று. ஆனால் துரையைத் திட்டியதற்கு இப்போது ஆறு காது சாட்சி. அதை மறைத்துவிடலாமே என்றேன். “தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லாதே, காது, கண்ணு, மனசு மூணையும் விசாரிப்பாங்கன்னு எங்க வேதத்துல இருக்கு. தெரிஞ்சத தெரியாத மாதிரி சொன்னா மட்டும் விட்ருவாங்களா? நான் பொய்க் கடுதாசி எழுதமாட்டேன்” என்று காசிம் கையை விரித்துவிட்டார். அன்று மாலை துரை பங்களா வராந்தாவில் நான் போய் நின்றேன். என் அறிக்கை தப்பு, நான் கேட்டதைப் பார்த்ததுபோல எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவள் எழுத்து இல்லாமல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

“என்னைத் திட்டுகிறாள் என்று எழுதியிருந்தாயே?”

“அவள் திட்டியது, அட்டையில் நூற்றுப் பதினான்காம் நம்பர் மரத்தை.”

“ஏன்?”

“அது பால் குறைவாகக் கொடுக்கிறது.”

துரை தலையசைத்தார். அதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. லாரி வேண்டாம் என்றார். கூடவே, “மரங்களுக்கெல்லாம் நம்பர் அடிக்கச் சொல்கிறேன். பாவம், இனி அவளுக்குப் பெயர்கள் தேவைப்படாது” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் நடுவில் நான் உற்சாகமாகச் சொன்னேன்: “அஞ்சலை, ஒன்னைய எங்கயும் அனுப்பல. மரத்துக்கெல்லாம் நம்பர் அடிக்கப் போறாங்க. இனிமே பேரு வேணாம்னு தொரை சொல்லிட்டாரு.” அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்த மனநிறைவோடு போய் இரண்டு இட்டலி அதிகமாகச் சாப்பிட்டேன்.

அந்த மாதமே காசிமை ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அட்டை துரை பெட்டிகளோடு கப்பல் ஏறினார். இரண்டு வருஷம் கழித்து அவருடைய புத்தகம் தபாலில் வந்தது. முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார், பெயரில் ஒரு எழுத்து தப்பு. உள்ளே ஓரிடத்தில் ‘ஒரு பால்வெட்டுக்காரர் கூறியபடி’ என்று இருந்தது. அவ்வளவுதான் அஞ்சலை.

ஆனால் நான் செய்துவைத்த காரியம் எனக்குத் தெரிந்தது புத்தகம் வருவதற்கு முன்னால், லாரியை நிறுத்திய அதே வருஷத்து மழைக்காலத்தில். பெயர்களை எழுதுகிற வேலையைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஒருநாள் நோட்டும் பென்சிலுமாக அவள் நிரைக்குப் போனேன். கத்தி பட்டையைச் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆள் இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

“என்ன அஞ்சலை, மூக்கொழுகி எப்படி இருக்கா?”

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். “நூத்திப் பதினொண்ணாம் நம்பருங்களா? பால் வருதுங்க.”

“இங்க யாரும் இல்ல. பேரச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

“பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா மரந்தானுங்களே. பேரு வேணாம்னு சொல்லிட்டாங்கள்ல.”

“யாரு சொன்னா?”

“நீங்கதாங்க.”

நம் பாஷையில் ‘வேணாம்’ ஒரு பொல்லாத சொல். சோறு போதும் என்றாலும் வேணாம், செய்யாதே என்றாலும் வேணாம். துரை சொன்னது முதல் வேணாம். நான் அவர் பெயரைச் சேர்த்துச் சொன்னபோது அது இரண்டாவது வேணாமாகப் போய் விழுந்துவிட்டது. மூன்று ‘ஆம்’ விட்டபோது பிடிக்கக் காசிம் இருந்தார். இதைப் பிடிக்க யாருமில்லை. துரை அப்படிச் சொல்லவில்லை, தேவையில்லை என்றுதான் சொன்னார் என்று நான் எவ்வளவோ விளக்கினேன். கிராணி சொன்னால் எப்படித் தலையாட்ட வேண்டுமோ அப்படித் தலையாட்டினாள். மறுநாளும் கத்திச் சத்தம்தான் கேட்டது. அந்த மழையில் அவள் நிரையில் நிறைய மரம் அழுகியது. “நம்பரு கொழம்புதுங்க” என்றாள்.

அந்தத் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று காசிம் ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார். சௌக்கியம் என்று எழுதினேன். அவர் சாகிற வரைக்கும் உள்ளதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையையும் சாய்த்துத் தாமான் என்கிற குடியிருப்பைக் கட்டிவிட்டார்கள். அஞ்சலையின் நிரை இருந்த இடத்தில் வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் நம்பர் அடித்திருக்கிறது. அவள் தினமும் பேசிய இருநூற்று எண்பது பேரில் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவன் நான். மற்ற இருநூற்று எழுபத்தாறு பேரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. கேட்டு எழுதியிருக்க வேண்டியவன் நான்தான்.